தார் போடுவதா, கிராவல் கொட்டுவதா? பந்தயத் தடத்தை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. விபத்து நடந்த வளைவில் சிக்கேன் (வேகத்தைக் குறைக்கவென்றே போடும் இடவலத் திருப்பம்) போட்டு டிராக்கின் உயிரையே எடுக்கிறார்களே, சுவரைப் பின்னால் தள்ளினால் போதாதா என்பது முதலாவது. வளைவுக்கு வெளியே ஓர் இடத்தில் கிராவலை, அதாவது சரளைக் கல்லை, அள்ளிவிட்டுத் தார் போடுகிறார்கள், இன்னோர் இடத்தில் தாரைப் பெயர்த்துக் கிராவல் கொட்டுகிறார்கள், இதில் எது சரி என்பது அடுத்தது. இவ்வளவு செய்தும் சாவு நிற்கவில்லையே என்பது மூன்றாவது. அதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான்.

முதல் கேள்விக்கு நேர் பதில்: இடம் இருந்தால் தள்ளலாம். பழைய சர்க்யூட்களில் பெரும்பாலும் இடம் இருக்காது.

இத்தாலியில் இமோலாவின் தம்புரெல்லோ வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நெல்சன் பிக்கே அங்கே சுவரில் மோதினார். 1989-ல் கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி அதே சுவரில் மோதித் தீப்பற்றி எரிந்தது. பெர்கர் பிற்பாடு சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. அவரும் அய்ர்டன் சென்னாவும் அந்த இடத்துக்கு நடந்தே போய், சுவரைத் தள்ளி வைக்க வழி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால் சாந்தெர்னோ ஆறு. ஒன்றும் செய்வதற்கில்லை என்று திரும்பிவிட்டார்கள். 1994 மே 1 அன்று சென்னா மோதி இறந்தது அதே வளைவில்தான். முந்தின நாள் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்தது அடுத்து வரும் வில்நெவ் வளைவில். 1995-ல் பந்தயம் திரும்ப வந்தபோது இரண்டு இடங்களிலும் சிக்கேன் இருந்தது. ஆற்றை நகர்த்த முடியாத இடத்தில் வேகத்தைத்தான் குறைக்க முடியும். அந்த யோசனை 1989-லேயே வந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். பெர்கர் உயிர் பிழைத்ததையே சுவர் தாங்கும் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றும்.

வேகத்தைக் குறைப்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 28 லட்சம் ஜூல். 200 கி.மீ.யில் அது 12 லட்சம் சொச்சம்தான். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது இடத்தின் கணக்கு. 200 கி.மீ. வேகத்தில் ஓட்டம் தவறிய கார், காய்ந்த தாரில் ஓரளவு நல்ல பிரேக் பிடிப்போடு நிற்க 160 மீட்டர் வேண்டும். அதே கார் ஈரப் புல்லில் வழுக்கினால் 800 மீட்டர்கூட ஆகலாம். எந்த வளைவுக்கு வெளியே 800 மீட்டர் காலி நிலம் வைத்திருக்கிறார்கள்? அதனால்தான் பழைய படங்களில் அழகாகத் தெரியும் அந்தப் பச்சைப் புல்வெளி, ஓட்டுநருக்கு மிக மோசமான இடம். கார் வேகம் குறையாமலே போய்ச் சுவரைத் தொடும்.

அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னிலும் இதே கதைதான். நீண்ட பின்நேர்ப் பாதையின் முடிவில் இருந்த வலது வளைவில் 1991 ஜூனில் டாமி கெண்டலின் கால்கள் நொறுங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜே.டி. மெக்டஃபி அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு அந்த நேர்ப் பாதையின் கடைசியில் பஸ் ஸ்டாப் எனப்படும் சிக்கேனைக் கட்டினார்கள். அன்று திட்டாதவர்கள் இல்லை. இன்றோ கர்ப்களின் (தட விளிம்புக் கட்டைகளின்) மேல் கார்கள் துள்ளிப் பாயும் அந்த இடம் சர்க்யூட்டின் அடையாளங்களில் ஒன்று. எல்லா சிக்கேனும் இப்படி நல்ல பெயர் வாங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போட்ட சிக்கேன் எப்போதும் நிலைத்துவிடுவதும் இல்லை. பார்சலோனாவில் 2016 ஜூனில் மோட்டோ 2 பைக் பந்தயப் பயிற்சியின்போது 12-ஆம் வளைவில் லூயிஸ் சலோம் இறந்தார். அவர் விழுந்த இடத்துக்கு வெளியே இருந்தது தார்ப் பரப்பு. பைக்கும் ஆளும் வேகம் குறையாமல் சறுக்கிப் போய்விட்டன. அந்த வார இறுதிப் பந்தயத்தையே ஃபார்முலா 1 கார்களுக்கென்று 2007-ல் போட்ட சிக்கேன் வழியாக நடத்தினார்கள். பிறகு வெளியிடத்தை, அதாவது வளைவுக்கு வெளியே விட்டிருக்கும் காலி இடத்தை, பெரிதாக்கிக் கிராவல் போட்டார்கள். 2018-ல் பைக்குகள் வேகமான பழைய கடைசி வளைவுக்கே திரும்பின. 2023-ல் ஃபார்முலா 1-ம் அந்தச் சிக்கேனைக் கைவிட்டது. ஆக, இடம் கிடைத்தால் சிக்கேன் போய்விடும். நீங்கள் கேட்டது அங்கே நடந்திருக்கிறது.

ஆனால் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, கார் எந்தக் கோணத்தில் அதைத் தொடும் என்பதை நான் முதலில் பார்ப்பேன். நேர்ப் பாதையை ஒட்டி, அதற்கு இணையாக ஓடும் சுவர் பெரிய ஆபத்தில்லை. கார் உரசிக்கொண்டே போய் வேகம் இழக்கும். அந்தச் சுவர் நடுவில் எங்காவது திறந்து, சர்வீஸ் சாலைக்கு வழி விட்டு, பிறகு டிராக்கை நோக்கிச் சற்றே திரும்பினால் தொல்லை. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமாங் க்ரோஷானின் கார் மோதியது அப்படிப்பட்ட ஓர் இடத்தில். 192 கி.மீ. வேகம், 29 டிகிரி கோணம், 67 ஜி (புவியீர்ப்பைப் போல் 67 மடங்கு). சுவருக்குச் செங்குத்தான திசையில் மட்டும் கணக்கிட்டால் 93 கி.மீ. வேகம் வருகிறது. அதே வேகத்தில் 15 டிகிரியில் தொட்டிருந்தால் அது 50 கி.மீ.யாக இருந்திருக்கும். கார் கார்ட்ரெயிலை (இரும்புத் தகட்டுத் தடுப்பை)ப் பிளந்துகொண்டு உள்ளே போனது. பின்பாதி பிய்ந்தது. 27 விநாடி தீயில் இருந்துவிட்டு மனிதர் தானே ஏறி வெளியே வந்தார். அவர் தலையைக் காப்பாற்றியது ஹேலோ எனப்படும், தலைக்கு மேல் வளையும் காப்புச் சட்டம். டிராக்கைப் பொறுத்தவரை, அந்த இடத்துத் தடுப்பின் அமைப்பை மாற்றி முன்னால் டயர் வரிசை வைத்தார்கள். படத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத மாற்றம் அது.

கார்ட்ரெயிலின் பழைய வரலாறு இதைவிடக் கசப்பானது. அதே வாட்கின்ஸ் கிளென்னில் 1973-ல் பிரான்சுவா செவெரும் 1974-ல் ஹெல்முத் கோய்னிக்கும் இறந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டிலும் கார்ட்ரெயில். கோய்னிக் மோதியதில் கீழ்த் தகடு வளைந்து பெயர, கார் அதற்கு அடியில் நுழைந்துவிட்டது. 1975-ல் பார்சலோனாவின் மோன்ஜுயிக் பூங்காத் தடத்தில் போல்ட்டுகள் ஒழுங்காக முடுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்கள் ஓட்டவே மறுத்தார்கள். அணிகளின் ஆட்களே ஸ்பானர் எடுத்துப் போய் முடுக்கினார்கள். அந்தப் பந்தயத்தில் ரோல்ஃப் ஸ்டோமெலனின் கார் தடுப்பைத் தாண்டிப் போய் அங்கிருந்தவர்களைக் கொன்றது. கார்ட்ரெயில் நல்ல பொருள்தான். ஒவ்வொரு கம்பமும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு போல்ட்டும் இறுகியிருக்கிறதா என்று யாராவது நடந்து போய்ப் பார்த்திருக்கும்வரை நல்ல பொருள்.

நேராக மோதும் வாய்ப்பு உள்ள இடத்தில் தகடு மட்டும் போதாது. அங்கே தேவைப்படுவது ஒடுங்கிக் கொடுக்கும் தடிமன். செங்குத்து வேகம் 100 கி.மீ. என்று வையுங்கள். அரை மீட்டருக்குள் நிறுத்தினால் ஏறக்குறைய 80 ஜி. இரண்டு மீட்டர் ஒடுங்க விட்டால் 20 ஜி. கன்வேயர் பெல்ட் போர்த்திய டயர் வரிசைகளும், டெக்ப்ரோ எனப்படும் பிளாஸ்டிக் கட்டைகளும், 2002-ல் இண்டியானாபொலிஸில் முதலில் பொருத்தப்பட்ட சேஃபர் சுவரும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். பெல்ட் எதற்கு என்றால், வெறும் டயர்களுக்கு இடையில் கார் மூக்கு செருகிக்கொள்ளும். பெல்ட் இருந்தால் வழுக்கிப் போகும்.

சரி, இரண்டாவது கேள்வி. தாரா, கிராவலா?

1970-களில் வளைவுக்கு வெளியே கம்பி வலை வேலிகளை வரிசையாகக் கட்டினார்கள். கார் அதில் சிக்கி வேகம் குறையும் என்பது எண்ணம். கம்பங்கள் ஓட்டுநரின் தலையில் அடித்தன, வலை காரைச் சுற்றிக்கொண்டு ஆளை வெளியே எடுக்க விடாமல் செய்தது. அது போய்க் கிராவல் வந்தது. கிராவலில் காரின் சக்கரங்கள் புதைந்து வேகம் இழக்கும், கார் நேராக உள்ளே வரும் வரை. பக்கவாட்டில் வழுக்கி வரும் காரின் சக்கரம் கிராவலில் குத்தினால் உருண்டுவிடும். 2016-ல் மெல்பர்னில் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் கார் அப்படித்தான் உருண்டது. 2022-ல் சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கிராவலைக் கடந்து, டயர் தடுப்பைத் தாண்டி எகிறி, தடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் செருகிக்கொண்டது. இருவரும் பிழைத்தார்கள் என்பதால் இதை நிதானமாகப் பேச முடிகிறது.

தார் வந்த காரணம் எளிது. காரின் நான்கு டயர்களும் தரையில் இருந்தால், பிரேக் வேலை செய்தால், தாரைவிட நன்றாக நிறுத்துவது வேறில்லை. ஓட்டுநர் திருப்பவும் முடியும். பிரான்சின் பால் ரிக்கார்ட் தடத்தில் நீலமும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரிவது சொரசொரப்பு கூட்டிய இதே தார்தான். குறை என்னவென்றால், பிரேக் போன காருக்கும் காற்றில் பறக்கும் காருக்கும் தார் ஒரு பயனும் தராது. இன்னொன்று, தவறுக்குத் தண்டனையே இல்லாததால் எல்லோரும் கோட்டைத் தாண்டி ஓட்டத் தொடங்கினார்கள். கோட்டைத் தாண்டாமல் தடுக்க விளிம்பில் மஞ்சள் நிறத்தில் உருளைக் கட்டை மாதிரி கர்ப் வைத்தார்கள். சாசேஜ் கர்ப் என்பார்கள். 2019-ல் மோன்சாவில் அலெக்ஸ் பெரோனியின் ஃபார்முலா 3 கார் பரபோலிகா வளைவின் வெளியில் இருந்த அந்தக் கட்டையில் ஏறி ஆகாயத்தில் சுழன்று தடுப்பின் மேல் போய் விழுந்தது. அவருக்கு முதுகெலும்பில் முறிவு. அந்தக் கட்டையை உடனே அகற்றினார்கள். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மோசமான யோசனை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். நேரத் தண்டனை கொடுத்துத் தீர்க்கவேண்டிய விஷயத்தை, காரைத் தூக்கி எறியும் பொருளால் தீர்க்கப் பார்த்தார்கள்.

பைக்குக்குக் கணக்கு தலைகீழ். விழுந்த மனிதர் தோல் உடையோடு தாரில் சறுக்கினால் வேகம் மெதுவாகத்தான் குறையும். கிராவல் ஆளையும் வண்டியையும் சீக்கிரம் பிடித்து நிறுத்தும். காரைக் காப்பாற்றும் கார்ட்ரெயில் பைக்காரருக்கு எமன், அவருக்கு வேண்டியது காற்று அடைத்த மெத்தைத் தடுப்பு. கார் பந்தயத்துக்கு எஃப்.ஐ.ஏ., பைக் பந்தயத்துக்கு எஃப்.ஐ.எம். என்று இரண்டு உலக அமைப்புகள் தனித்தனியே பார்த்து உரிமம் தருகிறார்கள். இரண்டையும் நடத்த விரும்பும் சர்க்யூட் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வேண்டும். ஓரிடத்தில் தாரும் இன்னோரிடத்தில் கிராவலும் என்று உங்களுக்குக் குழப்பமாகத் தெரிவதில் பாதி இந்த இழுபறிதான். பல இடங்களில் முதலில் ஓரளவு தார், அதற்கு வெளியே கிராவல், அதற்குப் பின் தடுப்பு என்று சமரசம் செய்கிறார்கள். கார் ஓட்டுநர் தாரில் பிரேக் பிடித்துக்கொள்ளலாம், அதிலும் நிற்காததைக் கிராவல் வாங்கிக்கொள்ளும்.

பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம்பின் 2022 மாற்றங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரெய்டியோன் மேட்டில் 2019 ஆகஸ்ட் 31 அன்று ஃபார்முலா 2 ஓட்டுநர் ஆன்துவான் ஹூபேர் இறந்தார். அந்த விபத்தைச் சுவர் மட்டும் நடத்தவில்லை. முன்னால் ஒரு கார் கட்டுப்பாடு இழக்க, தவிர்க்கப் போன ஹூபேர் தடுப்பில் மோதி, அங்கிருந்து திரும்ப டிராக் பக்கம் எறியப்பட்டார். பின்னால் 200 கி.மீ.க்கு மேல் வந்துகொண்டிருந்த ஹுவான் மனுவேல் கொரேயாவின் கார் அவர் காரின் பக்கவாட்டில் அடித்தது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கீழிருந்து வருபவருக்குத் தெரியாது. ஆகவே இங்கே கேட்க வேண்டியது, மோதிய கார் அதன் பிறகு எங்கே போய் நிற்கும் என்பது. தடுப்பு பக்கத்தில் இருந்தால் கார் மோதித் திரும்பவும் ஓட்டப் பாதைக்கே வரும். தொலைவில் இருந்தால் மோதினாலும் அங்கேயே கிடக்கும். இடது பக்கப் பழைய மாடத்தை இடித்து, மலைச்சரிவை வெட்டித் தடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் அதுதான். ஓ ரூஜ், ரெய்டியோன் வளைவுகளின் ஓட்டத்தைக் கெடுத்து சிக்கேன் போடவில்லை. 1994-ல் இமோலாவுக்குப் பிறகு அவசரமாக அங்கே ஒரு சிக்கேன் போட்டு, அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள், அந்த அசிங்கத்தை யாரும் மறக்கவில்லை. 2022-ல் லா சூர்ஸ், பிளான்ஷிமோன் உட்படப் பல வளைவுகளில் கிராவலும் திரும்ப வந்தது. காரணம், 24 மணி நேர மோட்டார்சைக்கிள் பந்தயத்தை அந்த ஆண்டு அங்கே மீண்டும் நடத்தினார்கள்.

ஓட்டம் தவறியவர் எங்கே போவார் என்ற இந்தக் கேள்வியை வரைபடத்திலேயே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங்கில் 2020 ஆகஸ்டில் உலகமே பார்த்தது. இரண்டாவது வளைவு உண்மையில் வளைவே இல்லை, முழு வேகத்தில் லேசான திருப்பம். அதன் பிறகு மூன்றாவது கூர்மையான கொண்டை ஊசி. திருப்பத்தில் ஜோஹான் சார்கோவும் ஃபிராங்கோ மோர்பிடெல்லியும் மோதிக்கொண்டார்கள். ஆளில்லாத இரண்டு பைக்குகளும் நேர்கோட்டில் பறந்தன. அந்த நேர்கோடு கொண்டை ஊசி வளைவுக்கு உள்ளே வெட்டிக்கொண்டு போய், அதைச் சுற்றிக்கொண்டிருந்த வலென்டினோ ரோஸி, மாவெரிக் வின்யாலெஸ் இருவருக்கும் நடுவே கடந்தது. ஒரு கை இடைவெளி. அடுத்த வாரமே வளைவின் உட்புறம் கூடுதல் தடுப்பு வைத்தார்கள். 2022-ல் மோட்டோஜிபி பைக்குகளுக்கென்று இரண்டாவது வளைவில் சிக்கேன் கட்டினார்கள். ஃபார்முலா 1 கார்கள் இன்றும் பழைய வழியில்தான் போகின்றன. இங்கே சுவரை எங்கே தள்ளுவீர்கள்? சுவர் இருக்க வேண்டிய இடத்தில் டிராக்கின் அடுத்த பகுதி இருக்கிறது.

இத்தனை பேச்சிலும் யாரும் கவனிக்காதது தண்ணீர். 2003-ல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தின் மூன்றாவது வளைவில் மழைநீர் ஓடையாகக் குறுக்கே ஓடியது. மைக்கேல் ஷூமாக்கர் உட்பட ஒருவர் பின் ஒருவராக ஒரே இடத்தில் வழுக்கி வெளியே போனார்கள். டிராக்கின் சரிவும் வடிகாலும் சரியாக இருந்தால் அந்த விபத்துகளில் பாதி இல்லை. புதிய தார் போட்டால் பிடிப்பு கூடும், ஆகவே வேகமும் கூடும், ஆகவே நேற்றுவரை போதுமாக இருந்த வெளியிடம் இன்று போதாது. இந்தச் சங்கிலியை மறந்துவிட்டு, மேற்பரப்பை மட்டும் புதுப்பித்தோம் என்று பெருமைப்படும் சர்க்யூட்கள் உண்டு. தெருத் தடங்களில் சாக்கடை, தண்ணீர்க் குழாய் மூடிகளும் இதே கணக்கில் வரும். 2019-ல் பாகுவில் ஜார்ஜ் ரசலின் கார் அடியையும், 2023-ல் லாஸ் வேகாஸில் கார்லோஸ் சைன்ஸின் கார் அடியையும் கிழித்தவை மூடிகள்தான். தரைக்கு ஒட்டி ஓடும் காரின் உறிஞ்சு விசை அவற்றைப் பிடுங்கி எடுத்துவிடுகிறது.

இதெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேட்கத் தோன்றும். எஃப்.ஐ.ஏ. உரிமத்தில் 1 முதல் 6 வரை தரம் உண்டு, ஃபார்முலா 1-க்கு முதல் தரம் தேவை. புதிய தடம் குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், நேர்ப் பாதை 2 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற அளவுகள் உண்டு. எந்த வளைவில் எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் வெளியேறுவார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப வெளியிடமும் தடுப்பும் கேட்கிறார்கள். பிறகு ஆய்வாளர் நேரில் வந்து நடந்து பார்ப்பார். கணினி போல்ட்டைத் தொட்டுப் பார்க்காது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2022-ல் ஸ்பாவில் அவ்வளவு செய்தார்கள். 2023 ஜூலையில் கொட்டும் மழையில் அதே ரெய்டியோனைத் தாண்டிய கெம்மல் நேர்ப் பாதையில் இளம் ஓட்டுநர் டிலானோ வான் ட் ஹோஃப் இறந்தார். நடுப் பாதையில் சுழன்று நின்ற காரைத் தண்ணீர்ப் புகையில் பின்னால் வந்தவரால் பார்க்க முடியவில்லை. வெளியிடம், கிராவல், தடுப்பு எதுவும் இங்கே குறுக்கே வராது. அதே மாதம் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 கார்களின் சக்கரங்களுக்கு மட்கார்டு மாதிரி மூடி போட்டுச் சோதித்தார்கள். எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. காரின் அடியிலிருந்தும் நிறையத் தண்ணீர் மேலெழும்புகிறது. ஆக, அந்த வகைச் சாவுக்கு டிராக்கில் வெட்டவோ கொட்டவோ எதுவும் இல்லை. சிவப்புக் கொடியை எப்போது காட்டுவது என்று முடிவெடுப்பவர் கையில்தான் அது இன்னும் இருக்கிறது.